சர்க்யூட் பலகைக்கு விலை சொல்லும் மென்பொருள்

சர்க்யூட் பலகையில் பாகங்களைப் பொருத்தித் தர விலை குறிக்கும்போது, பாகங்களின் பட்டியல் பாதிக் கணக்குதான். மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கின் சுங்கை வே வட்டாரத்தில் 1970களிலேயே மின்னணு ஆலைகள் வந்துவிட்டன. விலை குறிக்கும் இந்தக் கணக்கு அங்கே பழையது.

ஒரு மில்லிமீட்டர் நீள மின்தடையின் விலை சில்லறைக் காசு. ஆனால் அது பெரும்பாலும் 10,000 கொண்ட சுருளாக வரும். சுருளை இயந்திரத்தில் மாட்டவும், ஈயப்பசை பூசும் தகட்டைச் செய்யவும் ஆகும் செலவு 50 பலகைக்கும் 5,000 பலகைக்கும் ஏறக்குறைய ஒன்றே. எளிய மென்பொருள் பொருத்தும் இடங்களை எண்ணி, ஒரே விகிதத்தால் பெருக்கிவிடும். சிறிய ஆர்டரில் ஆலை கையைச் சுட்டுக்கொள்வது இதனால்தான்.

தொடக்கச் செலவைத் தனியே பிரிப்பதும், வீணாகும் பாகங்களைச் சேர்ப்பதும் முதல் திருத்தங்கள். அவற்றைவிட முக்கியம், முடிந்த வேலையின் உண்மைச் செலவை மதிப்பீட்டோடு ஒப்பிட்டு மென்பொருளுக்கே திருப்பி ஊட்டுவது. அந்த உண்மைச் செலவுக் கணக்கு வழக்கமாகக் கணக்காளர் மேசையோடு நின்றுவிடும்.