சொல்லாமல் சொல்லும் விளம்பரம்

ரயில்வே சிக்னலில் 'நில்' என்று எழுதியிருப்பதில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் டிரைவருக்குப் புரிந்துவிடும். தேர்தல் விளம்பரங்களிலும் இத்தகைய எழுதாத சிக்னல்கள் உண்டு.

1988 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் மூத்த ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்து நின்றவர் மாசசூசெட்ஸ் கவர்னர் டுகாகிஸ். அம்மாநிலச் சிறையிலிருந்து வார இறுதி விடுப்பில் சென்ற வில்லி ஹார்ட்டன் என்ற ஆயுள் கைதி திரும்பவில்லை. 1987-ல் மேரிலாந்தில் கொடிய குற்றம் புரிந்தார். புஷ்ஷை ஆதரித்த ஓர் அமைப்பு இதைத் தொலைக்காட்சி விளம்பரமாக்கியது. அதில் 'கறுப்பர்' என்ற சொல்லே கிடையாது. ஹார்ட்டனின் புகைப்படம் மட்டும் இருந்தது. வெள்ளையர் பலரின் பழைய அச்சத்தைக் கிளப்ப அதுவே போதும். 'நிறத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லையே' என்று கைகழுவவும் வசதி!

விடுப்புத் திட்டத்தை டுகாகிஸ் ஆதரித்தது உண்மை. அதைக் கேள்வி கேட்பதும் நியாயமே. ஆனால் 1972-ல் அதைத் தொடங்கியவர் புஷ்ஷின் கட்சிக் கவர்னர் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

டுகாகிஸ் தோற்றார். புஷ்ஷின் பிரசார மேலாளர் லீ அட்வாட்டர், 1991-ல் நோயில் இறக்குமுன், டுகாகிஸுக்கு இழைத்த கொடுமைக்காக வருந்தினார்.

அடுத்த தேர்தலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். படத்தை மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் கேளுங்கள். வாதம் நிற்கிறதா? இல்லையென்றால், அந்த சிக்னல் யாருக்கு என்று யோசியுங்கள்.