தாப்பாவ் போய் பார்சல் வந்தது

மலேசியாவின் கிள்ளானில் ஒரு மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக்கடை. இரவு 11 மணி. மலாய்ப் பையன் ஒருவன் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) கேட்டு "அனே!" என்று குரல் கொடுக்கிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் சீன நண்பன் அவனுக்கு "மச்சா". நம் அண்ணேதான் அந்த அனே. மாமாக் என்பதில் இருப்பது மாமா. கடையைச் சொல்லும் 'கெடாய்'கூட நம் கடைதான்.

இத்தனை உறவு நாக்கில் இருந்தும், விண்ணப்பப் பாரத்தில் இனம் என்ற இடத்துக்கு வந்தால் மலேசியத் தமிழர்களான நமக்கு 'இந்தியர்' என்ற ஒரே கட்டம்தான். அந்தக் கட்டத்துக்குள் அடங்காத குரல் ராப்பில்தான் வந்தது என்பது என் கட்சி.

நம் ராப் குழுவான பொயட்டிக் அம்மோ 1998இல் தங்கள் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது ஆங்கிலம், மலாய், காந்தோனீஸோடு தமிழும் அதில் உட்கார்ந்தது. பிறகு 2006இல் யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்' ஆல்பம். அதிலிருந்த 'மடை திறந்து' தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. பால்மரமான ரப்பரை அழித்துச் செம்பனையும் வீடமைப்பும் வந்தபோது தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் பேச்சையே பாட்டாகக் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம்! 'லா' போட்டுப் பேசுவதைக் கொச்சை என்று வீட்டிலும் பள்ளியிலும் அதட்டி வந்த காலம் அது. மொழி கெடுகிறது என்று இன்றும் ஆசிரியர்கள் வருத்தப்படுகிறார்கள். அவர்கள் அக்கறையை நான் மதிக்கிறேன்.

என் பயம் வேறு. அண்மையில் வரும் நம் பையன்களின் பாட்டுகளைக் கேட்டால், எது கிள்ளான், எது கோடம்பாக்கம் என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சும்மா பொழுதுபோக்குவதைச் சொல்லும் 'லெப்பாக்' இல்லை, 'பசியாறிட்டியா' இல்லை. சென்னைக்காரர் காதுக்கு உறுத்தாதபடி எல்லாவற்றையும் இழைத்து விடுகிறார்கள். இந்தியர் எல்லாரையும் சேர்த்தாலும் நாட்டில் நாம் ஏறக்குறைய 7 விழுக்காடுதான். தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான காதுகள் இருக்கின்றன. பிழைப்பு வேண்டாமா என்று கேட்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நம் பாட்டன் மலாய்க்காரரோடும் சீனரோடும் சந்தையில் நின்று சேர்த்த சொற்கள் அவை. பாட்டிலும் இல்லாமல் போனால் அவற்றுக்கு வேறு எங்கே இடம்?

போன மாதம் தங்கை மகன் கைப்பேசியில் தன் பாட்டைக் காட்டினான். இரவு வேலை முடிந்து அம்மாவுக்குச் சோறு வாங்கிப்போகும் ஒருவனைப் பற்றிய பாட்டு. கட்டி வாங்கிப்போவதற்கு நாம் சொல்லும் 'தாப்பாவ்' என்ற சொல்லைத்தான் முதலில் எழுதியிருந்தான். அதை அழித்துவிட்டு 'பார்சல்' என்று போட்டான்.

"ஏன்டா மாத்துன?"

"சென்னையில புரியாது மாமா."

"உங்க அம்மாவுக்குப் புரியுமே."

சிரித்தான். 'தாப்பாவ்' என்றே திரும்ப எழுதிப் பார்த்தான். வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். சந்தத்துக்கு அதுதான் சரியாக உட்கார்ந்தது, அவனும் ஒப்புக்கொண்டான். நேற்று ஒலிப்பதிவை அனுப்பினான். பார்சல்தான் இருக்கிறது.