கண்மாய் வரையும் கோடு

மானாமதுரைப் பாலத்தில் நின்று வைகையைப் பார்த்தால் மலை நினைவே வராது. மணலும் கருவேலமும்தான். இந்த ஆறு எந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தது என்று தெரிய வேண்டுமானால், இந்திய நில அளவைத் துறையின் டோபோஷீட்டை விரிக்க வேண்டும்.

நிலத்தின் 1 கிலோமீட்டர் அதில் 2 சென்டிமீட்டர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடுகள்தான் சமஉயரக் கோடுகள். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் ஏற்றம். வைகை பிறக்கும் வருசநாட்டு மலை 58ஜி வரிசைப் படங்களில் வருகிறது. அங்கே கோடுகள் சடைபோல நெருங்கிக் கிடக்கும். ஓடையைக் கடக்கும்போது ஒவ்வொரு கோடும் கூராக மடியும். அந்த முனை எப்போதும் தண்ணீர் வரும் திசையையே காட்டும். வருசநாட்டுப் பள்ளத்தாக்கில் முனைகள் தெற்கே பார்க்கின்றன. அப்படியென்றால் ஆறு ஓடுவது வடக்கே! கிழக்குக் கடலுக்குப் போகவேண்டிய ஆற்றுக்கு ஏன் இந்தச் சுற்று? கிழக்கே ஆண்டிபட்டி மலை, மேற்கே மேகமலை. இடையில் மாட்டிக்கொண்ட ஆறு, மலை விலகிய பிறகே கிழக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தருகே 1959-இல் வைகை அணை எழுந்தது.

மேகமலைக்கு அப்பால் கம்பம் பள்ளத்தாக்கு. அதன் மேற்குச் சுவரைக் குடைந்துதான், அரபிக்கடலுக்குப் போன பெரியாற்றுத் தண்ணீரை 1895-இல் கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள்.

மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கினால், சிவகங்கையும் மானாமதுரையும் 58கே வரிசை. இங்கே பழுப்புக் கோடுகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பல கிலோமீட்டர். அவற்றுக்குப் பதிலாகத் தாளெங்கும் பிறை பிறையாகக் கண்மாய்கள். நிலம் கடலை நோக்கிச் சரிவதால், வளைந்த கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும்.

பள்ளிப் புத்தகங்கள் சமஉயரக் கோட்டைக் கற்பனைக் குன்று வரைந்து கற்பிக்கின்றன. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வீண் வேலை. ஐப்பசி, கார்த்திகையில் பெருகிய கண்மாய்க்குக் கூட்டிப்போனால் போதும். அசையாத தண்ணீர் மட்டமாகவே நிற்கும். ஆகவே அதன் விளிம்பு நெடுக ஒரே உயரம். 20 மீட்டர் இடைவெளிப் படத்தில் சிக்காத அந்தக் கோட்டை, டோபோஷீட் அச்சாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்மாய் வெட்டியவர்கள் கண்டிருந்தார்கள். கோடு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, உபரி நீர் வழியும் கலுங்கின் உயரம். மறுகால் பாயும் நேரத்தில் அதன்மேல் அரை அடி பலகை செருகினால், கோடு மேற்கே ஊர்ந்து மேலூர்க்காரர் வயலுக்குள் ஏறிவிடும். அப்புறம் பஞ்சாயத்துதான்.