குழப்பம் பூட்டாகுமா?

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 2017 மே மாதம் திறந்த நார்த் ரயில் நிலையத்தின் வெளிச்சுவரில் அலுமினியத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். தகடுகளில் சிறிதும் பெரிதுமாக முக்கோணங்கள் வரும்படி ஓட்டைகள். அந்த ஊரில் பணியாற்றிய கணித மேதை ஜான் கான்வேயின் 'கேம் ஆஃப் லைஃப்' விளையாட்டிலிருந்து எடுத்த வடிவம் இது என்று கட்டடத்தை வடிவமைத்தவர்கள் அறிவித்தார்கள். விவரம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சுவரில் இருந்தது கான்வேயின் சரக்கே அல்ல, ஸ்டீஃபன் வுல்ஃப்ராமின் 'முப்பதாம் விதி'. வுல்ஃப்ராம் படித்ததோ கேம்பிரிட்ஜின் பரம்பரைப் போட்டியாளரான ஆக்ஸ்ஃபோர்டில்!

நான் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் ஏப்ரல் மாதம் வந்தால் பொறியியல் கல்லூரிகளுக்கு வைவா எடுக்க எக்ஸ்டர்னலாகப் போவதுண்டு. அங்கே இந்த முப்பதாம் விதியும் அதன் உறவினர்களும் வருஷம் தவறாமல் என் முன்னால் வந்து நிற்கும். 'வேவ்லெட் மற்றும் செல்லுலர் ஆட்டோமேட்டா மூலம் பட என்க்ரிப்ஷன்' என்ற தலைப்பு, ஒரு சொல் முன்னே பின்னே மாறி, மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது. இரண்டுமே அருமையான கணிதம். சேர்த்துக் கட்டும் விதத்தில்தான் எனக்குச் சண்டை.

முப்பதாம் விதியைப் புரிந்துகொள்ளக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். முதல் வரியில் நடுக்கட்டத்தை மட்டும் கறுப்பாக்குங்கள். அடுத்த வரியின் ஒவ்வொரு கட்டத்தையும் முடிவு செய்ய, அதற்கு நேர் மேலே உள்ள கட்டத்தையும் அதன் இடது, வலது பக்கத்துக் கட்டங்களையும் பாருங்கள். இடது வெள்ளை என்றால், மற்ற இரண்டில் ஒன்றாவது கறுப்பாக இருந்தால் புதுக் கட்டம் கறுப்பு. இடது கறுப்பு என்றால், மற்ற இரண்டும் வெள்ளையாக இருந்தால்தான் கறுப்பு. அவ்வளவே. கறுப்பை 1 என்றும் வெள்ளையை 0 என்றும் எழுதினால் 1, 111, 11001, 1101111 என்று வரிகள் விரியும். மூன்று கட்டங்கள் எட்டு விதமாக அமையலாம். ஒவ்வொன்றுக்கும் விடை 0 அல்லது 1. ஆகவே இப்படி மொத்தம் 256 விதிகள்தான் உண்டு. பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து நிறம் மாறும் இத்தகைய கட்டங்களுக்குத்தான் செல்லுலர் ஆட்டோமேட்டா என்று பெயர். அந்த 256ன் வரிசையில் நம் விதியின் எண் 30.

பொறுமையாக ஐம்பது வரி போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ஒழுங்கான சாய்கோடுகள், வலப்பக்கம் தாறுமாறான முக்கோணங்கள். மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் கோனஸ் டெக்ஸ்டைல் என்ற விஷச் சங்கின் ஓட்டில் ஏறக்குறைய இதே கோலம் இருக்கிறது. நடு நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் 1, 1, 0, 1, 1, 1, 0, 0, 1, 1 என்று போகிறது. எந்த ஒழுங்கும் தட்டுப்படாது. அந்த நெடுவரிசை என்றைக்காவது ஒரு சுழற்சிக்குள் விழுமா என்பது உட்பட மூன்று கேள்விகளுக்கு விடை தருவோருக்கு மொத்தம் 30,000 டாலர் என்று 2019ல் வுல்ஃப்ராம் அறிவித்தார்.

ஒழுங்கே இல்லாத 0, 1 வரிசை கிடைத்தால் அதை ரகசியத்துக்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றுவது இயல்புதான். தொடக்க வரியை ரகசியச் சாவியாக வைத்துக்கொள்வது. விதியை ஓட்டி நடு நெடுவரிசையை எடுப்பது. செய்தியின் பிட்டுகளோடு அதைக் கலந்து அனுப்புவது. சாவி உள்ளவர் அதே வரிசையை உண்டாக்கிக் கலப்பை நீக்கிக்கொள்வார். 1985ன் கிரிப்டோ மாநாட்டில் வுல்ஃப்ராம் இதைத்தான் முன்வைத்தார்.

ஆறே வருஷம். 1991ல் வில்லி மையர், ஓட்மார் ஸ்டாஃபெல்பாக் என்ற இருவர் உடைத்துக் காட்டினார்கள். உடைத்த விதம் அழகானது. மேலே சொன்ன விதியை இன்னொரு முறை படியுங்கள். நடுவிலோ வலதிலோ கறுப்பு இருந்தால், இடதுகட்டத்தின் நிறம் தலைகீழாகிக் கீழே இறங்குகிறது. இல்லாவிட்டால் அப்படியே இறங்குகிறது. ஆகவே பின்னோக்கியும் போகலாம்: புதுக் கட்டமும் நடுவும் வலதும் தெரிந்தால், இடது என்னவென்று ஒரே விடை வந்துவிடும். பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகள் இரண்டு கையில் இருந்தால் இடப்பக்கம் முழுவதையும் கணக்குப் போட்டே மீட்டுவிடலாம். செய்தியில் ஒரு பகுதி தெரிந்துவிட்டால், நடு நெடுவரிசை எதிரிக்குக் கிடைத்துவிடுகிறது. வலப்பக்கத்தை மட்டும் அவன் ஊகித்தால் போதும். அங்கேயும் பல ஊகங்கள் ஒரே விளைவைத் தருவதால் வேலை இன்னும் குறைகிறது. 300 முதல் 500 பிட் நீளச் சாவிகளைக்கூட அன்றைய சிறிய கணினிகளிலேயே மீட்க முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். கண்ணுக்குத் தாறுமாறாகத் தெரிவதற்கும் எதிரியைத் தடுப்பதற்கும் உள்ள தூரம் அது.

நம் நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. பரிமள் பால் சௌத்ரி கரக்பூர் ஐஐடியில் செல்லுலர் ஆட்டோமேட்டா ஆராய்ச்சியை ஒரு தனிப் பள்ளியாகவே வளர்த்தவர். அவரும் நந்தி, கர் என்ற இருவரும் சேர்ந்து 1994ல் வெளியிட்ட என்க்ரிப்ஷன் முறை, சில்லுகளில் மலிவாக அமைக்கத் தோதானது. 1997ல் பிளாக்பர்ன், மர்ஃபி, பேட்டர்சன் மூவரும் அதிலும் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். வெறும் கூட்டல் விதிகளை எத்தனை முறை அடுக்கினாலும் கடைசியில் மிஞ்சுவது ஒருபடிச் சமன்பாடுகள்தான். பள்ளியில் சொல்லித்தந்த வழியிலேயே அவற்றைத் தீர்த்துவிடலாம்.

இத்தோடு ஆட்டோமேட்டாவை மூட்டை கட்டியிருக்க வேண்டும். கட்டாததற்குக் காரணம் யோன் டேமன் என்ற பெல்ஜியக்காரர். டென்மார்க்கின் இவான் டாம்கார்ட் 1989ல் முன்வைத்த ஓர் ஆட்டோமேட்டா முறையை 1991ல் உடைத்தவர்களில் அவர் ஒருவர். உடைத்தவரே அந்தக் கருத்தைத் தூக்கி எறியாமல் தம் முனைவர் ஆய்வுக்குள் எடுத்துச் சென்றார். அவரும் மூன்று கூட்டாளிகளும் வடிவமைத்த கெச்சாக், 2012ல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் நடத்திய போட்டியில் வென்று எஸ்எச்ஏ-3 என்ற தரநிலை ஆனது. அதன் உள்ளே 'கை' என்ற கிரேக்க எழுத்தைப் பெயராகக் கொண்ட ஒரு படி இருக்கிறது. ஐந்து பிட்டுகள் வட்டமாக நிற்கின்றன. அடுத்த பிட் 0 ஆகவும் அதற்கடுத்தது 1 ஆகவும் இருந்தால் நீ தலைகீழாகு, இல்லையேல் அப்படியே இரு. இதுதான் அங்கே சட்டம்.

முப்பதாம் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே 'அடுத்த இரண்டில் ஒன்றாவது 1 என்றால் தலைகீழாகு'. இங்கே 'முதலாவது 0, இரண்டாவது 1 என்றால் தலைகீழாகு'. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! ஒன்று உடைந்தது, மற்றது உலகத் தரநிலை. கெச்சாக் இந்த விதியைத் தனியாக விடவில்லை. 1600 பிட்டுகளை ஒரு பெட்டியாக அடுக்கி, சுற்றுக்கு ஐந்து படிகளாக 24 சுற்று ஓட்டுகிறது. அந்த ஐந்தில் ஒன்றுதான் ஆட்டோமேட்டா. மீதிப் படிகள் பிட்டுகளை இடம் மாற்றியும் தூரத்துப் பிட்டுகளோடு கலந்தும் விடுகின்றன. பக்கத்து வீட்டை மட்டும் பார்க்கும் விதியின் பலவீனம் அதனால் வெளியே தெரிய வழியில்லை. போட்டி நடந்த ஆண்டுகளில் உலகத்தின் தேர்ந்த உடைப்பாளிகள் அதன்மேல் முட்டிமோதிப் பார்த்தார்கள் என்பதும் முக்கியம்.

இனி வேவ்லெட். ஃபூரியே முறை ஒரு கச்சேரியில் என்னென்ன சுரங்கள் ஒலித்தன என்று பட்டியல் தரும்; எப்போது ஒலித்தன என்று கேட்டால் விழிக்கும். பிரான்ஸின் எல்ஃப் அக்கிட்டேன் எண்ணெய் நிறுவனத்தில் இருந்த ழான் மோர்லேவுக்கு இந்த 'எப்போது' மிக அவசியமாக இருந்தது. நிலத்தில் வெடி வைத்து, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் படிப்பது அவர் தொழில். எந்த அதிர்வு எந்தக் கணத்தில் வந்தது என்று தெரிந்தால்தான் எண்ணெய் எந்த ஆழத்தில் என்று சொல்ல முடியும். சட்டென எழுந்து அடங்கும் ஒரு குட்டி அலையை எடுத்து, நீட்டியும் சுருக்கியும் நகர்த்தியும் எதிரொலியோடு பொருத்திப் பார்த்தார். மார்சேயின் இயற்பியலாளர் அலெக்ஸ் கிராஸ்மனோடு 1984ல் கட்டுரை வந்தது. மறுவருஷம் எகோல் பாலிடெக்னிக்கின் ஜெராக்ஸ் மெஷின் அருகே காத்திருந்த ஈவ் மெயர் இதைக் கேள்விப்பட்டு மார்சேக்கு ரயிலேறினார். அந்தப் பயணத்தின் பலன் 2017ன் ஆபெல் பரிசுவரை போயிற்று. 1988ல் இங்ரிட் டோபஷீ தந்த வேவ்லெட்டுகள்தான் கணினிக்கு ஏற்ற வடிவம்.

மிக எளிய வேவ்லெட் இதற்கெல்லாம் முந்தியது, ஆல்ஃப்ரெட் ஹாருடையது. மோட்டார் பம்பின் பேரிங்கில் ஒரு சென்சார் 62, 60, 61, 85 என்று நான்கு முறை வெப்பநிலை எடுத்திருக்கிறது என்று வையுங்கள். இரண்டிரண்டாகச் சராசரி: 61, 73. ஒவ்வொரு ஜோடியிலும் வித்தியாசத்தில் பாதி: 1, கழித்தல் 12. சராசரிகளுக்கும் அதையே செய்தால் 67, கழித்தல் 6. ஆக நான்கு எண்களும் 67, -6, 1, -12 என்று மாறிவிட்டன. தகவல் ஒன்றும் தொலையவில்லை, திரும்பக் கூட்டிக் கழித்தால் பழைய எண்களே வரும். 67 மொத்த நிலவரம். 1 என்பதைப் போன்ற பொடி எண்களைத் தூக்கி எறிந்தாலும் பெரிய மோசமில்லை. கடைசியில் நிற்கும் அந்த -12 மட்டும், 'இரண்டாவது பாதியில் ஏதோ நடந்திருக்கிறது, போய்ப் பார்' என்கிறது.

சுருக்குவதும் சட்டெனத் தெரியும் மாற்றத்தைப் பிடிப்பதும் இந்த ஒரே கணக்கின் இரு பலன்கள். அமெரிக்காவின் எஃப்பிஐ தன் 3 கோடி கைரேகை அட்டைகளைக் கணினிக்கு ஏற்ற முனைந்தபோது அட்டைக்குப் 10 மெகாபைட் ஆயிற்று. சாதாரண ஜேபெக் படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டுவதால், அதிகம் சுருக்கினால் ரேகைகள் சதுர ஓரங்களில் அறுந்தன. 1993ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் உதவியோடு வந்த வேவ்லெட் முறை, ரேகை அறாமல் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்காகச் சுருக்கியது. அதன் வாரிசான ஜேபெக் 2000தான் இன்று தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் படங்களிலும், நம் ஆதாரின் பாதுகாப்பு கியூஆர் கட்டத்துக்குள் இருக்கும் குட்டிப் புகைப்படத்திலும் இருக்கிறது.

உணர்வதில் வேவ்லெட் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்டால் நான் 2015 செப்டம்பர் 14ஐச் சொல்வேன். இந்திய நேரம் பிற்பகல் 3.20. அமெரிக்காவின் லிவிங்ஸ்டனில் உள்ள லைகோ ஈர்ப்பலைக் கருவி ஒரு துடிப்பை உணர்ந்தது. சுமார் 7 மில்லி விநாடி கழித்து, 3,000 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹான்ஃபோர்ட் கருவியும் உணர்ந்தது. துடிப்பின் நீளம் 0.2 விநாடி, அதற்குள் அதிர்வெண் 35லிருந்து 250 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. நூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதிய செய்தி. மூன்று நிமிடத்துக்குள் அதை எடுத்துக் கொடுத்தது வேவ்லெட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு நிரல். தேடும் பொருள் எப்படி இருக்கும் என்று அதற்கு யாரும் முன்கூட்டி வரைபடம் தரவில்லை. இரண்டு ஊர்களிலும் ஒரே சமயத்தில், ஒரே விதமாக எதுவோ எழுந்ததா என்று மட்டும் பார்த்தது. பிறகு, கணித்து வைத்த மாதிரி வடிவங்களோடு ஒப்பிட்டு அந்தக் கண்டுபிடிப்பை உறுதி செய்தார்கள்.

இப்போது மாணவர்களின் தலைப்புக்கு வரலாம். படத்தை வேவ்லெட்டால் பிரித்தால் நான்கு துண்டு. ஒன்று மங்கலான சிறு நகல். மற்ற மூன்றும் விளிம்புகள். "முக்கியமானது அந்த ஒரு துண்டுதான் சார். அதை மட்டும் ஆட்டோமேட்டாவால குழப்பினா போதும், சென்சாரோட பேட்டரி மிச்சம்" என்பார்கள். திரையில் புள்ளி புள்ளியாகப் படம். கீழே ஒரு அட்டவணை: 99.6 சதவீதம். மூலப்படத்தில் ஒரு புள்ளியை மாற்றினால் மறைத்த படத்தில் எத்தனை புள்ளிகள் மாறுகின்றன என்ற அளவு அது. முழுக்கச் சீரற்ற படம் என்றால் 256ல் 255 பங்கு, அதாவது 99.6 சதவீதம் மாறும். சரி. ஆனால் ஒருபடிச் சமன்பாடுகளால் மட்டுமே ஆன, ஒரு மத்தியானத்தில் உடைத்துவிடக்கூடிய முறையும் அதே 99.6ஐத் தர முடியும். "உடைக்க முயன்று பார்த்தீர்களா?" என்று கேட்டால் வகுப்பே என்னை விநோதமாகப் பார்க்கும். ஆய்விதழ்களிலும் இதே அட்டவணையோடு ஏராளமான கட்டுரைகள் வருகின்றன என்பதால் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

பேட்டரிக் கவலை பொய்யல்ல. உடலுக்குள் வைக்கும் மருத்துவக் கருவி, தோட்டத்து ஈரமானி போன்றவற்றுக்குப் பெரிய பூட்டு தாங்காது. அதற்காகவே நிஸ்ட் தனிப் போட்டி வைத்து, 2023ல் ஆஸ்கான் என்ற இலகுப் பூட்டைத் தேர்ந்தெடுத்தது. 2025ல் தரநிலையாகவும் வெளியிட்டது. அதன் உள்நிலை மொத்தமே 320 பிட். சென்சாரில் வேவ்லெட்டால் சுருக்குங்கள், சுருங்கியது முழுவதையும் ஆஸ்கானால் பூட்டுங்கள். வரிசை மாறக்கூடாது, பூட்டியதில் ஒழுங்கு எதுவும் மிஞ்சாது என்பதால் பிறகு சுருக்கவே முடியாது.

ஒரு வைவாவில் ஒரு மாணவி, எல்லாரையும்போல அந்த ஒரு துண்டை மட்டும் குழப்பிக் காட்டினாள். பிறகு நான் கேட்காமலே, "இதுல ஒரு பிரச்சினை இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, குழப்பிய துண்டை அழித்து முழுக்க சைபராக்கி, மீதி மூன்றை மட்டும் வைத்துப் படத்தைத் திரும்பக் கட்டினாள். கல்லூரி பஸ்ஸின் கோட்டுருவம் வந்தது. முகப்பில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படிக்க முடிந்தது. "எக்ஸ்டர்னல் முன்னாடி ஏம்மா இதெல்லாம்?" என்று இன்டர்னல் நெளிந்தார்.

"இதை எப்படிச் சரிபண்ணுவேம்மா?"

"சுருக்கிட்டு முழுசுக்கும் ஆஸ்கான் போட்டுடலாம் சார். ஆனா அப்புறம் என் ஆட்டோமேட்டாவுக்கு வேலையே இல்ல."

ஆஸ்கானின் நடுவிலும் டேமனின் அந்த ஐந்து பிட் வட்டம்தான் இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே முப்பதாம் விதியையும் எழுதி அவள் பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடுத்த ரெண்டு பிட்டோட நாலு சேர்க்கையில ரெண்டுலதான் விடை மாறுது, அவ்வளவுதானே சார்?" என்றாள்.