கேள்விக்கு முன்னால் ஒரு படம்

நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. அதற்குக் கீழே, கடைமடையில் சம்பா போடும் விவசாயியிடம் சென்னையிலிருந்து ஓர் ஆய்வாளர் வாட்ஸ்அப் வீடியோவில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "தண்ணி ஒழுங்கா வருதாண்ணே?" என்று கேட்டால், "எங்கங்க வருது" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "உங்க வாய்க்காலை நாலு படம் எடுத்து அனுப்புங்கண்ணே, பாத்துக்கிட்டே பேசுவோம்" என்று முதல் நாளே சொல்லிவைத்தால் நிலைமை வேறு. துருப்பிடித்த ஷட்டர், காட்டாமணக்கு மண்டிய கரை என்று படங்கள் வரும். யார் தூர்வாரினார்கள், முறை வைத்ததில் எப்போது தகராறு வந்தது என்று பேச்சு தானாக நீளும்.

எத்தனை பேர் என்று எண்ணாமல், எப்படி வாழ்கிறார்கள், அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று கேட்பது பண்புசார் ஆய்வு. அதில் படத்தை வைத்துப் பேட்டி காணும் முறையைப் பற்றி 1957-இல் எழுதியவர் ஜான் காலியர். கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களில் படத்தோடும் படமில்லாமலும் பேட்டி எடுத்து ஒப்பிட்டார். வெறும் கேள்விகளில் களைத்தவர்கள் படங்களைப் பார்த்தபோது விவரமாகப் பேசினார்கள். 1990-களில் காரொலைன் வாங்கும் மேரி ஆன் பரிஸும் சீனாவின் யுன்னான் கிராமப் பெண்களிடமே கேமராவைக் கொடுத்தார்கள். எதைக் காட்டுவது என்ற முடிவு அந்தப் பெண்கள் கைக்கு வந்தது. இந்த முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். "எதைப் படம் எடுக்காமல் விட்டீர்கள்?" என்ற கேள்வியையும் மறக்கக்கூடாது.

2020 ஊரடங்கில் நேரில் போக வழியில்லாமல் பல ஆய்வாளர்கள் இணையப் பேட்டிக்கு மாறினார்கள். திரையில் முகம் தெரியும். திண்ணையும் தெருவும் தெரியாது. அந்தக் குறையைப் படங்கள் ஓரளவு ஈடுகட்டும். ஆனால் போனுக்குப் பின்னால் பண்ணைக்காரர் நின்று கேட்டுக்கொண்டிருந்தால் கூலித்தொழிலாளி மனம்விட்டுப் பேச முடியாது. தனியாக இருக்கிறாரா என்று முதலில் விசாரிப்பது கட்டாயம்.

இன்னொரு பொறுப்பும் உண்டு. 1950-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், 1976-இல் மீண்டும் வந்து பார்த்தார். ஊரை அடையாளம் காட்டாமலிருக்க 'கும்பபேட்டை' என்று புனைபெயர் வைத்தார். படம் சேர்ந்தால் புனைபெயர் மட்டும் போதாது. கோபுரமோ கடைப் பலகையோ ஊரைச் சொல்லிவிடும். போனில் இருப்பிட வசதி இயங்கினால், படக் கோப்பிலேயே எடுத்த இடம் பதிவாகும். டாக்குமென்டாக அனுப்பும்போது அதுவும் கூடவே போய்விடும். ஆகவே பேசுவதற்கு ஒரு சம்மதம், படத்தை வெளியிடுவதற்குத் தனியே ஒரு சம்மதம் வாங்க வேண்டும். படத்தின் ஓரத்தில் நாற்று நடுகிற பெண்ணின் முகம் தெரிந்தால் அவரிடமும்.