நீர்மட்டமும் பாசியின் உணவும்

சென்ற மாதம் மலர் வளர்ப்போர் சங்கம் ஒன்றின் கணக்குகளைத் தணிக்கை செய்கையில், ‘பாசி’ என எழுதிய செலவுச் சீட்டு ஒன்றைக் கண்டேன். குளத்துப் பாசிக்கும் விலையுண்டோ என வினவினேன். காரியதரிசி நகைத்து, நியூஸிலாந்திலிருந்து வந்த உலர்ந்த பாசிக் கட்டைக் கொணர்ந்து ஒரு பிடியை நீரிலிட்டார். கணத்தில் அது பாத்திரத்து நீரைக் குடித்துவிட்டது. ஆர்க்கிட் செடிகளின் வேர் காயாதிருக்க இதனை வைப்பராம். ஸ்பாக்னம் என்பது இதன் பெயர்.

வட ஐரோப்பா, ரஷ்யா, கானடா முதலிய குளிர்நாடுகளின் சதுப்புகளில் இது மிகுதி. மடிந்த பகுதிகள் நீரில் மூழ்கிக் காற்றுப் படாமையால் எளிதில் மக்குவதில்லை. அடுக்கடுக்காகப் படிந்து ‘பீட்’ என்னும் கரிமண்ணாகின்றன. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதமே இவ்வகை நிலம். எனினும் காடுகளின் மரங்கள் அனைத்திலும் உள்ளதைவிட மிகுந்த கரி இதில் அடங்கியுள்ளது.

இப்பாசிக்கு வேர் இல்லை. நீர் போக்கை அடக்கும் இலைத்துளைகளும் இல்லை. இலையில் இருவகை அறைகள் உண்டு. பெரியவை உயிரற்ற வெற்றறைகள், அவை நீர்க்குடங்கள். அவற்றிடையே நெருங்கிய மெல்லிய பச்சை அறைகளே ஒளிச்சேர்க்கை செய்து உணவு ஆக்குவன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், கீழுள்ள நீர் தண்டுகளின் இடுக்கு வழியே மேலேறுகிறது.

நீர் மிகுந்தால் பாசி செழிக்கும் என நினைப்போம். அவ்வாறன்று. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஈரத் துணியை மூக்கில் போர்த்தி மூச்சு விடுவதை நெசவாளர் எண்ணிப் பார்க்கலாம். நீர் சூழ்ந்த பாசியின் நிலை அதுவே. நீர்மட்டம் சற்று இறங்க, ஒளிச்சேர்க்கை உயர்கிறது. மேலும் இறங்கினாலோ திரி அறுகிறது, வெற்றறைகளில் காற்றுப் புகுந்து பாசி வெளுக்கிறது, உணவாக்கம் நிற்கிறது. நெடுநாள் காய்ந்தது மழை பெய்தவுடன் பழைய நிலையை அடைவதுமில்லை. சில மீளாமலே மடிகின்றன.

எல்லா இனங்களும் ஒன்றல்ல. மேடுகளில் வளர்வன நெருக்க நெய்த துணிபோல் அடர்ந்திருத்தலின், நீர்மட்டம் தாழ்ந்தும் ஈரத்தை மேலே இழுத்துக் காக்கின்றன. பள்ளங்களில் தளர்வாக வளர்வன விரைவில் உலர்ந்துவிடுகின்றன.

நீரை அடியோடு வடித்தால் நேர்வதை இங்கிலாந்தின் ஹோம் சதுப்பில் காணலாம். அருகிலிருந்த விட்டில்ஸி ஏரியை 1851-இல் வடித்தபோது, உச்சி தரைமட்டமாக இருக்குமாறு ஓர் இரும்புத் தூணைப் பீட்டினுள் நட்டனர். இன்று அத்தூண் சுமார் 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் எழவில்லை, நீர் வற்றி மண் அமுங்கியது, காற்றுப் பட்ட பீட் மக்கிக் கரியமில வாயுவாகப் போயிற்று.

ஜெர்மனியின் கீழ்ச் சாக்ஸனியில் ஹாங்ஹௌஸன் என்னுமிடத்தில், முன்பு வடித்துப் புல்வெளியாக்கிய பீட் நிலத்தில் 2011 முதல் இப்பாசியைப் பயிர் செய்கின்றனர். வாய்க்கால் வெட்டி, நீரைத் தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே நிறுத்துகின்றனர். மிகின் வடிப்பர், குறையின் ஏற்றுவர். அறுவடையாகும் பாசி, தோண்டியெடுக்கும் பீட்டுக்குப் பதிலாகத் தொட்டி மண்ணில் சேர்கிறது. அதே காரியத்துக்கு ஐரோப்பியர் தென்னை நார்த்தூளையும் வாங்குகின்றனர்; அதில் ஒரு பகுதி நம் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து செல்வதேயாகும்.