டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் படக்கூடாத இடங்கள்

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் டிஸ்க் பிரேக்கில் பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். அது ஒரு பேடை டிஸ்க்கின்மேல் அழுத்த, காலிப்பர் ஸ்லைடு பின்களின்மேல் சறுக்கி மறுபக்கப் பேடையும் சேர்த்துப் பிடிக்கும். மழைக்காலச் சேறும் பேடு தேய்ந்த தூளும் அந்தப் பின்களில் இறுகினால் காலிப்பர் விடுபடாது. சக்கரம் கனமாகச் சுழலும், டிஸ்க் சுடும், ஒரு பேடு மட்டும் சீக்கிரம் தேயும்.

இதற்குப் பலரும் செய்யும் வைத்தியம் டிஸ்க்கிலும் காலிப்பரிலும் எண்ணெய் விடுவது. வாட்டர் சர்வீஸ் கடையில் பளபளப்புக்காக அடிக்கும் டீசலும் டிஸ்க்கில் படிகிறது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்றும் தடுப்பதில்லை. எண்ணெய் ஊறிய பேடு பிடிக்காது. உப்புத்தாளில் தேய்த்தாலும் தீயில் காட்டினாலும் தேறாது, மாற்றத்தான் வேண்டும்.

வீட்டில் சுத்தம் செய்ய, வண்டியை அசையாமல் நிறுத்தி, காலிப்பரின் போல்ட்டுகளைக் கழற்றி, அதைக் கம்பியில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் ஹோஸில் தொங்கவிட்டால் ஹோஸ் பழுதாகும். காலிப்பர் வெளியே இருக்கும்போது லீவரைத் தொடவே கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும். தூளை வாயால் ஊதுவதோ காற்றடித்துப் பறக்கவிடுவதோ நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கலாம். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் ரப்பரைக் கெடுக்கும்.

பிஸ்டனின் வெளியே தெரியும் பகுதியைத் துடைத்த பிறகே உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும். தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் ஏறும். அது வழிந்தால் பெயின்ட்டை அரிக்கும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு ஸ்லைடு பின்களில் பிரேக்குக்கென விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவினால் போதும். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் ரப்பர் உறையை உப்பவைத்துப் பின்னை மறுபடி இறுக்கிவிடும். பேடின் உராயும் முகத்திலும் டிஸ்க்கிலும் எந்தக் கிரீஸும் கூடாது. ஒரு துளியும் கூடாது.

போல்ட்டுகளை வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்கி, லீவர் கெட்டியாகும்வரை பலமுறை அழுத்த வேண்டும். இதை மறந்து கிளம்புகிறவருக்கு முதல் அழுத்தலில் பிரேக் இருக்காது. பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆயில் கசிந்தாலோ, லீவர் பஞ்சுபோல அமுங்கினாலோ, ஏபிஎஸ் விளக்கு அணையாவிட்டாலோ வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

காசு வாங்கிக்கொண்டு பிரேக்கைக் கெடுத்துத் தரும் பட்டறைகளும் உண்டு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது சேவைக் குறைபாடு. ஆனால் பில்லும் ஜாப் கார்டும் கேட்டு வாங்காதவர் இதை நிரூபிக்கத் திணறுவார். பிரேக் பற்றிய புகாரை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பேடுகளைக் கேட்டு வாங்கி, கெட்ட பாகத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். முதலில் பட்டறைக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு தரலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.